பசியாறிவிட்டுப் புறப்படுவோம்

“சைக்கிள் ஓட்டினா உடம்பு இளைக்கும்னு சொன்னாங்க. உனக்கு மட்டும் ஏண்டி ஏறுது?”

விடுதியில் என் அறைத்தோழி கேட்ட இந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்கு வித்து. அவள் கேலியாகத்தான் கேட்டாள். ஆனால், எடை பார்க்கும் கருவிக்குக் கேலி பேசத் தெரியாதே! மிதிவண்டி ஓட்டத் தொடங்கிய நாளில் 58 கிலோவாக இருந்த என் எடை, இரண்டு மாதம் கழித்து அறுபதரை கிலோவைக் காட்டியது. வாரத்தில் ஐந்து நாள் வியர்க்க விறுவிறுக்க மிதித்ததற்குக் கிடைத்த பரிசு இரண்டரை கிலோ!

அன்றிரவு எனக்கு இரண்டு யோசனைகள் தோன்றின. ஒன்று, மிதிவண்டியை விற்றுவிடுவது. மற்றொன்று, சாப்பாட்டைக் குறைத்துப் பட்டினி கிடப்பது. முதலாவதைச் செய்யவில்லை. இரண்டாவதைச் செய்து பார்த்து நன்றாகப் பட்டேன். இரண்டுமே தவறான வழிகள் என்பதையும், சரியான வழி நம் வீட்டுப் பேச்சிலேயே ஒரு சொல்லாகக் கிடக்கிறது என்பதையும் பிறகுதான் உணர்ந்தேன். என்னைப் போல் ஆசையோடு மிதிவண்டியில் ஏறி, அகோரப் பசியோடு இறங்கி, ஒரு மாதத்தில் கைவிட்டுவிடும் நண்பர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், நான் ஏன் மிதிக்கத் தொடங்கினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அழகுக்காக என்று நினைத்துவிட வேண்டாம். என் அப்பா சுங்கைப் பட்டாணியில் லாரி ஓட்டுநர். இனிப்பு நீர் நோய் அவருக்கு வந்து பல ஆண்டுகளாகின்றன. நான் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது அவருடைய இடது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு, “ஒனக்கும் வந்துடப் போகுதும்மா, பாத்துக்கோ,” என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்பாவின் அச்சம் காரணமில்லாத அச்சமன்று. 2019-ஆம் ஆண்டில் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அது 31.4 விழுக்காடு. அதாவது, ஏறத்தாழ மூவரில் ஒருவர்! உங்கள் குடும்பப் படம் ஒன்றை எடுத்து எண்ணிப் பாருங்கள். 2023-ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், சரியாகச் சொன்னால் 54.4 விழுக்காட்டினர், அளவுக்கு மீறிய எடையோடு இருப்பதாகத் தெரிய வந்தது. ஆகவே, நாம் உடலை அசைக்க வேண்டுமா என்பதில் விவாதத்திற்கு இடமில்லை. அசைக்கத் தொடங்கியபின் வரும் பசியை என்ன செய்வது என்பதே கேள்வி.

குளுகோர் வளாகத்தில் படித்தவர்களுக்கு அந்தக் கடலோரப் பாதை நன்கு தெரியும். வளாகத்தை விட்டு இறங்கி, துன் டாக்டர் லிம் சொங் இயூ விரைவுச்சாலையை ஒட்டிச் சென்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நகரம். பினாங்குப் பாலத்தைக் கடந்து, ஜெலுத்தோங் வழியாக ஜோர்ஜ்டவுனுக்குள் நுழைந்து, பாடாங் கோத்தாவில் கடலைப் பார்த்துச் சற்று நின்றுவிட்டுத் திரும்பினால் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். காலை ஆறரைக்குப் புறப்பட்டால் எட்டு மணிக்குள் திரும்பிவிடலாம். அந்தக் காலைகளை நான் மிகவும் விரும்பினேன். அதைவிடவும் விரும்பியது, திரும்பி வந்ததும் கடையில் உட்கார்ந்து இரண்டு ரொட்டி சானாயும் ஒரு தே தாரேக்கும் சொல்வதை!

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். என் எடையுள்ள ஒருவர் மிதமான வேகத்தில் ஒரு மணி நேரம் மிதித்தால் ஏறத்தாழ 400 கிலோகலோரி செலவாகும். ஒரு ரொட்டி சானாய் ஏறத்தாழ 300. இரண்டு சாப்பிட்டால் 600. கெட்டிப் பால் ஊற்றிய தே தாரேக்கையும் சேர்த்தால் செலவழித்ததைவிட அதிகமாகவே உள்ளே போய்விடுகிறது. ஒன்றரை மணி நேர உழைப்பைப் பதினைந்து நிமிடத்தில் நான் அழித்துவிட்டேன். ‘இவ்வளவு தூரம் மிதித்தேனே, சாப்பிட்டால் என்ன?’ என்ற நினைப்புதான் என்னை ஏமாற்றியது. உடற்பயிற்சியை நாம் எப்போதும் கூட்டியே மதிப்பிடுகிறோம். உணவைக் குறைத்தே மதிப்பிடுகிறோம்.

அத்தோடு விட்டதா? இரவு பத்து மணிக்கு மேல் இன்னொரு பசி வந்தது. அது சாதாரணப் பசியன்று. பாடப்புத்தகத்தில் எழுத்து தெரியாது. கண்முன் மீ கோரேங்தான் தெரியும்! மைலோவும் பிஸ்கட்டும் அந்தப் பசியின் பக்கத்தில்கூட வர முடியாது. நான் பெருந்தீனிக்காரியாகிவிட்டேனோ என்று வெட்கப்பட்டேன். வீட்டுக்குப் போன ஒரு வாரக் கடைசியில் நான் மூன்றாம் முறை சோறு போட்டுக்கொண்டபோது, “பொம்பளப் புள்ள இப்படியா சாப்பிடுறது?” என்று உறவினர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்பு ஒரு மாதத்திற்குப் போதுமானதாக இருந்தது.

உண்மையில், அந்தப் பசிக்குக் காரணம் ஒழுக்கக் குறைவன்று; உடலின் கணக்கு. நம் தசைகளிலும் ஈரலிலும் கிளைகோஜன் என்ற பெயரில் மாவுச்சத்து சேமிக்கப்பட்டுள்ளது. பெரியவர் ஒருவரின் உடலில் இது மொத்தமாக ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் வரை இருக்கும். அதில் ஈரலில் இருப்பது 100 கிராம் அளவே. இரவு முழுவதும் நாம் உறங்கும்போது மூளை அந்த ஈரல் சேமிப்பிலிருந்துதான் எடுத்துச் செலவழிக்கிறது. ஆகவே, காலையில் வெறும் வயிற்றோடு மிதிவண்டியில் ஏறுபவர் பாதி காலியான எண்ணெய்த் தொட்டியோடு புறப்படும் லாரிக்காரரைப் போன்றவர்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. கடுமையாக உழைத்து முடித்த உடனே பெரும்பாலோருக்குப் பசிப்பதில்லை. வயிற்றுக்குப் போக வேண்டிய இரத்தம் தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் இயக்குநீரும் சிறிது நேரம் அடங்கிக் கிடக்கிறது. ‘ஆகா, பசியே இல்லையே’ என்று ஏமாந்து குளித்துவிட்டு விரிவுரைக்கு ஓடுகிறோம். கடன்காரர் போய்விடவில்லை. மதியமோ மாலையோ இரவோ வட்டியோடு வந்து கதவைத் தட்டுகிறார். என் இரவுப் பசி காலையில் நான் கட்டாமல் விட்ட கடன்தான்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். ஏறிய இரண்டரை கிலோவும் கொழுப்பாக இருந்திருக்காது. புதிதாகப் பயிற்சி செய்யும் தசைகள் அதிகமான கிளைகோஜனைச் சேமிக்கப் பழகுகின்றன. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரும் சேர்ந்தே தங்குகிறது. முதல் சில வாரங்களில் எடை கூடினால் பதறி மிதிவண்டியை விற்றுவிடாதீர்கள் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். இவையெல்லாம் எனக்கு அன்று தெரியாது. ஆகவே, பட்டினி என்ற இரண்டாவது வழியில் இறங்கினேன்.

இரண்டு வாரம். காலையில் ஒன்றுமில்லை. மதியம் கொஞ்சம் சோறு. இரவில் வெள்ளரிக்காயும் ஒரு முட்டையும். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் நால்வரோடு பாலேக் பூலாவ் போவதாக ஏற்பாடு. பாயா தெருபோங் பக்கமிருந்து துன் சார்டோன் சாலையில் மலையேறி, அந்தப் பக்கம் இறங்க வேண்டும். அந்த ஏற்றத்தை மிதித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

பாதி ஏற்றத்தில் என் கைகள் நடுங்கின. அவ்வளவு வெயிலிலும் குளிர்ந்த வியர்வை. ‘மெதுவா வா’ என்று சொன்ன நண்பர்மேல் காரணமே இல்லாமல் கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது. கால்கள் என்னுடையவை என்றே தோன்றவில்லை. மிதிவண்டியை ஓரத்தில் சாய்த்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். அனுபவம் வாய்ந்த பந்தய வீரர்களுக்கும் இந்த நிலை வருவதுண்டு. எரிபொருள் தீர்ந்தால் வீரரும் ஒன்றுதான், நானும் ஒன்றுதான்.

நண்பர்கள் என்னை மெல்ல நடத்திச் சாலையோரக் கடை ஒன்றிற்கு அழைத்துச் சென்றார்கள். கடையிலிருந்த மலாய் மூதாட்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பெலும் மாக்கான் கே?” என்று கேட்டார். இன்னும் சாப்பிடவில்லையா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. நான் பதில் சொல்வதற்குள் சீனி போட்ட தே ஓவும் இரண்டு பீசாங் கோரேங்கும் என் முன்னால் வந்துவிட்டன. கால் மணி நேரத்தில் உலகம் மீண்டும் நிறத்தோடு தெரிந்தது. நண்பரிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்று மாலை விடுதிக்குத் திரும்பியதும் என்ன நடந்தது தெரியுமா? இரண்டு வாரப் பட்டினியையும் ஒரே வேளையில் தின்று தீர்த்தேன்.

ஔவையார் நல்வழியில் வயிற்றைப் பார்த்துச் சலித்துக்கொண்டது நமக்கெல்லாம் பள்ளியிலேயே பாடம். வயிறு முன்பணமும் வாங்காது, தவணையும் தராது என்பதுதான் அவர் சலிப்பின் சாரம். பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்ததை பாலேக் பூலாவ் மலைச்சாலையில்தான் பொருளோடு படித்தேன்.

பட்டினி தவறு, பரிசுச் சாப்பாடும் தவறு என்றால் வேறு எப்படித்தான் உண்பது? இதற்கு விடை தேடும்போது நம் ஊர் உணவின் கதையை ஒரு முறை திரும்பிப் பார்க்க வேண்டும். நாசி கண்டார் இன்று உலகம் அறிந்த பினாங்குச் சாப்பாடு. தோளில் தடியைச் சுமந்து, அதன் ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்பும் தொங்க, தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தெருத் தெருவாக விற்ற உணவு அது. அதை வாங்கிச் சாப்பிட்டவர்களில் பலர் பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தொழிலாளர்கள். விற்றவர் தோளிலும் சுமை. வாங்கியவர் முதுகிலும் சுமை. அந்த அளவுச் சோறும் அந்தக் கொழுப்பும் அந்த உழைப்புக்குச் சரியாக இருந்தன.

இன்று சுமை போய்விட்டது. தட்டு மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. பாட்டன்மார் நாள் முழுவதும் மூட்டை தூக்கிவிட்டுச் சாப்பிட்டதை நாம் ஒரு மணி நேரம் மிதித்துவிட்டுச் சாப்பிடுகிறோம். உணவின்மேல் குற்றமில்லை. ஒரு மணி நேர உழைப்பை ஒரு நாள் உழைப்பாக எண்ணிக்கொள்ளும் நம் மயக்கத்தின்மேல்தான் குற்றம்.

என் பாட்டி கெடாவில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் எழுந்து, கோப்பியும் கொஞ்சம் ஏதாவதும் வயிற்றுக்குப் போட்டுக்கொண்டு இருட்டிலேயே நெற்றி விளக்கோடு புறப்பட்டுவிடுவாராம். மரமெல்லாம் வெட்டி முடித்துப் பால் வடியக் காத்திருக்கும் நேரத்தில், தூக்குச் சட்டியைத் திறந்து சாப்பிடுவாராம். பால் எடுத்து ஸ்டோரில் கொட்டிவிட்டு வந்தபின்தான் வீட்டுச் சோறு. “காலையில பசியாறாமப் போனா மரம் ரெண்டு ரெண்டாத் தெரியும்மா,” என்பார்.

பசியாறுதல்! நாம் தினமும் எத்தனை முறை இச்சொல்லைப் பயன்படுத்துகிறோம்? நம் நாட்டுத் தமிழில் காலை உணவுக்கே ‘பசியாறுவது’ என்றுதான் பெயர். வீட்டுக்கு வருபவரிடம் “பசியாறிட்டீங்களா?” என்றே கேட்கிறோம். அச்சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பசியைக் கொல்வது என்று அதில் இல்லை. வயிற்றை நிரப்புவது என்றும் இல்லை. காய்ச்சல் ஆறுவதுபோல், புண் ஆறுவதுபோல், பசி ஆற வேண்டும். சூடு ஏறுமுன் சிறிது சிறிதாக ஆற்றிக்கொண்டே இருந்தால் அது கொதிக்காது. நான் தேடிய மூன்றாவது வழி இதுதான். பட்டினி போட்டுப் பசியோடு சண்டையிடுவதும் வேண்டாம். விருந்து வைத்து அதற்கு மாலை போடுவதும் வேண்டாம். நேரத்தோடு ஆற்றிவிட்டால் போதும்.

இதற்கு நம்மிடையே பெரிய சான்று ஒன்றும் உண்டு. தைப்பூசக் காலத்தில் பினாங்குக்கு வந்தவர்கள் அறிவார்கள். வெள்ளி இரதம் நகரிலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலை நோக்கி மெல்ல மெல்ல நகரும். வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள். மோர், பானகம், சோறு, பழம் என்று வருவோர் போவோருக்கெல்லாம் வழங்கிக்கொண்டே இருப்பார்கள். ‘முதலில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளையும் ஏறிவிட்டு வா, பிறகு தருகிறோம்’ என்று எந்தப் பந்தலிலும் சொல்வதில்லை. நடப்பவருக்கு நடக்கும்போதே கொடுக்க வேண்டும் என்ற அறிவு நம் முன்னோருக்கு இருந்தது.

இதையேதான் இன்றைய மிதிவண்டிப் பந்தயங்களும் செய்கின்றன. 1996 முதல் நம் நாட்டில் நடந்து வரும் லெ டூர் டி லங்காவி பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். வீரர்களின் சட்டை முதுகில் மூன்று பைகள் இருக்கும். அவை சாப்பாட்டுக்காக. வழியில் குறிப்பிட்ட இடத்தில் குழுவினர் உணவுப் பைகளை நீட்ட, வீரர்கள் ஓடும் வண்டியிலிருந்தே வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு போவார்கள். அவர்களுக்கு அது தண்ணீர்ப் பந்தல்.

இவ்விடத்தில் நம் கழகத்துப் பட்டிமன்றப் பேச்சாளர்கள் எழுந்து நின்று மறுப்பார்கள் என்பதை அறிவேன். “திருக்குறளில் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறதே! முன்பு உண்டது செரித்ததா என்று பார், நன்கு பசித்தபின் உண் என்று வள்ளுவர் சொல்லியிருக்க, நீங்கள் பசிக்குமுன்பே சாப்பிடச் சொல்கிறீர்களே?” என்பார்கள். நல்ல கேள்விதான். 95-ஆவது அதிகாரமான அதைப் பொறுமையாகப் படித்துப் பார்த்தால், வள்ளுவர் வலியுறுத்துவது அளவை என்பது புலப்படும். தன் வயிற்றின் நிலையை அறியாமல் அளவு மீறி உண்பவனுக்கே நோய் என்கிறார். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் பசிக்கும்வரை காத்திருந்தால் அளவோடு உண்பார். இரண்டு மணி நேரம் மிதித்தவர் எல்லை மீறிப் பசிக்கும்வரை காத்திருந்தால் அவரால் அளவோடு உண்ண முடியாது, நான் உண்ணவில்லை. ஆகவே, மிதிப்பவர் சற்று முந்தி உண்பதும் வள்ளுவர் சொன்ன அளவைக் காப்பதற்காகத்தான்.

சரி, நடைமுறையில் என்ன செய்வது? மருத்துவம் படித்தவளல்ல நான். எனினும், கடந்த ஓராண்டில் என்னிடம் பலன் கண்டவற்றைச் சொல்கிறேன்.

முதலாவதாக, தூரத்தைப் பார்த்து உண்ணுங்கள். விடுதியிலிருந்து விரிவுரை மண்டபத்துக்கும் கடைக்கும் மிதிப்பதற்கு, அல்லது அரை மணி நேரம் காற்று வாங்கிவிட்டு வருவதற்கு, தனியாக ஒன்றும் சாப்பிட வேண்டியதில்லை. தண்ணீர் போதும். அந்த அரை மணி நேரத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு தே தாரேக் குடிப்பதுதான் முதல் ஓட்டை.

இரண்டாவதாக, ஒரு மணி நேரத்திற்கு மேல் மிதிப்பதென்றால் பசியாறிவிட்டுப் புறப்படுங்கள். அரை மணி நேரத்திற்கு முன் ஒரு வாழைப்பழம், அல்லது இரண்டு இட்லி. விடுதியில் இட்லிக்கு எங்கே போவது என்கிறீர்களா? இரண்டு துண்டு ரொட்டியில் கொஞ்சம் காயா தடவினாலும் சரி.

மூன்றாவதாக, வழியிலும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட தூரப் பயணத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து தேவை என்பது விளையாட்டு உணவியல் கூறும் கணக்கு. ஒரு பெரிய வாழைப்பழத்தில் ஏறத்தாழ 30 கிராம் இருக்கிறது. பேரீச்சம்பழம் நான்கைந்து இருந்தாலும் போதும். பசிக்கும்போது எடுப்போம் என்று காத்திராமல், முக்கால் மணி நேரத்திற்கு ஒரு முறை எடுத்து வாயில் போடுங்கள். பினாங்கு வெயிலில் வியர்வை ஆறாகப் பெருகும் என்பதால் தண்ணீரையும் இப்படியே அவ்வப்போது குடிக்க வேண்டும்.

நான்காவதாக, திரும்பி வந்ததும் பசி இல்லாவிட்டாலும் ஒரு மணி நேரத்திற்குள் உண்மையான உணவாக ஒரு வேளை சாப்பிடுங்கள். இரண்டு தோசை, நிறையச் சாம்பார், இரண்டு அவித்த முட்டை. சைவமாக இருந்தால் பருப்பு, கடலைச் சுண்டல், தவு, தெம்பே எதுவானாலும் சரி. புரதமும் நார்ச்சத்தும் உள்ள உணவு வயிற்றில் நீண்ட நேரம் நிற்கும். ரொட்டி சானாயைத் துறந்துவிடச் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாள், ஒன்றோடு நிறுத்திப் பருப்புக் குழம்பைக் கூட ஊற்றிச் சாப்பிடுகிறேன். தேநீர் மட்டும் இப்போது ‘தே ஓ கோசோங்’தான். முதல் வாரம் கசந்தது. பிறகு பழகிவிட்டது.

இப்படிக் காலைக் கடனைக் காலையிலேயே கட்டத் தொடங்கிய மூன்றாம் வாரத்தில், இரவு பத்து மணிப் பசி தானாகவே அடங்கிவிட்டது. மன உறுதியால் நான் அதை வெல்லவில்லை. அது வருவதற்குக் காரணம் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். எடை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மெல்ல மெல்ல இறங்கி, இப்போது தொடங்கிய இடத்திலேயே, 58-இல் நிற்கிறது. ஓராண்டு மிதித்து ஒரு கிலோகூட இளைக்கவில்லை! ஆனால், அன்று புல்லில் உட்கார்ந்து அழுத ஏற்றத்தை இன்று பேசிக்கொண்டே ஏறுகிறேன். தூக்கம் நன்றாக வருகிறது. உடலசைவு இரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தசைகள் எடுத்துப் பயன்படுத்த உதவுகிறது என்பதும், எடை குறையாவிட்டாலும் இந்நன்மை கிடைக்கும் என்பதும் மருத்துவம் நிறுவியுள்ள உண்மை. அப்பாவின் பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எடைக்கருவியை மட்டும் நம்பியிருந்தால் நான் என்றோ மிதிப்பதை நிறுத்தியிருப்பேன்.

இரண்டு எச்சரிக்கைகள். இனிப்பு நீருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நீண்ட தூரம் மிதிக்கப் புறப்படக் கூடாது. பயிற்சியும் மருந்தும் சேர்ந்து சர்க்கரையை அபாயமான அளவுக்கு இறக்கிவிடலாம். அடுத்தது என் தங்கைகளுக்கு. நிறைய மிதித்துக் குறைவாக உண்டு வரும்போது எப்போதும் சோர்வாக இருந்தாலோ, மாதவிலக்கு தள்ளிப் போனாலோ, அது உடல் ‘எனக்குப் போதவில்லை’ என்று சொல்வதாகும். மறைக்காமல் மருத்துவரைப் பாருங்கள். ‘பொம்பளப் புள்ள இப்படியா சாப்பிடுறது’ என்று யாராவது சிரித்தால், ‘இருபது கிலோமீட்டர் மிதித்த பிள்ளை இப்படித்தான் சாப்பிடும்’ என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். பசி வெட்கப்பட வேண்டிய ஒன்றன்று.

நம் இயக்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நெடுநடையோ மிதிவண்டிப் பயணமோ விளையாட்டு விழாவோ நடத்தும்போது, காலையில் எல்லாரையும் வெறும் வயிற்றோடு வரச்சொல்லி, ஓட்டமெல்லாம் ஓடி முடிந்தபின் மதியம் இரண்டு மணிக்குப் பிரியாணிப் பொட்டலம் கொடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதே செலவில் காலையில் ஒரு வாழைப்பழமும், பாதி வழியில் ஒரு சிறு தண்ணீர்ப் பந்தலும், முடிவில் அளவான உணவும் கொடுத்துப் பார்க்கலாமே. மயங்கி விழுபவரும் குறைவர். மறுமுறை வருபவரும் கூடுவர்.

சென்ற மாதம் வீட்டுக்குப் போயிருந்தேன். மருத்துவரிடம் கேட்டு ஒப்புதல் வாங்கிய பிறகு, அப்பா என் தம்பியின் பழைய மிதிவண்டியைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தார். காலுக்கு நல்ல காலணி. ஞாயிற்றுக்கிழமை காலை, நாளிதழ் வாங்கச் சந்தைவரை போய் வருவதாகத் திட்டம். போக வர நான்கு கிலோமீட்டர்கூட இராது. புறப்படும் நேரத்தில் அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்.

“என்னங்க, பசியாறிட்டீங்களா?”

அப்பா மிதிவண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனார். இரண்டு இட்லி சாப்பிட்டார். பிறகு நாங்கள் இருவரும் புறப்பட்டோம்.